மலையிறங்கினால்தான் முன்னேற்றமா?

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஜினியரிங் சேர வேண்டும்; கேம்பஸ் இன்டர்வியூவில் தேற வேண்டும்; சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் அமர வேண்டும். சில ஆண்டுகளில் நாவலூர்ப் பக்கமோ ஒயிட்ஃபீல்டு பக்கமோ இ.எம்.ஐ. போட்டு ஒரு பிளாட் வாங்க வேண்டும். ஜவ்வாது மலைப் பிள்ளைகளிடம் இதே பேச்சு வரும்போது தொடக்கத்தில் ஒரு படி கூடிவிடுகிறது: முதலில் மலையை விட்டு இறங்கு. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அதிகாரி, ஆசிரியர், தொண்டு நிறுவனத்தார், விருந்தினராக மேலே வரும் மென்பொருள் பொறியாளர் என எல்லோருமே பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனாலும் சொல்வது தவறு.

தொழில்நுட்பம் சமவெளியில் பிறக்கும், மலை அதைக் கடைசியாகப் பெற்றுக்கொள்ளும் என்பது இந்தப் பேச்சின் அடிப்படை. வேலை ஒழுங்கு, குழுவாக இயங்கும் பழக்கம், பிழையைத் தேடித் திருத்தும் பொறுமை எல்லாமே கல்லூரி விடுதியிலும் ஐ.டி. வளாகத்திலும் புறநகர்க் குடியிருப்பிலும்தான் ஒருவருக்குப் படியும் என்ற நம்பிக்கை அதன்மேல் எழுகிறது. இவ்விரண்டையும் பொய்யாக்கும் சான்று அதே மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கிறது.

காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்றவர். பகலில் சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் நல்ல இடம். இரவில் விண்மீன்களைப் பார்க்க அங்கே மேகம் விடுவதில்லை. புதிய இடம் தேடியவர்கள் கடைசியில் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருந்த இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் வடவானோடு தென்வானின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் தொலைவில். 1968இல் இங்கே நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. அதை வெளிநாட்டில் வாங்கவில்லை, கொடைக்கானல் வானாய்வகத்திலேயே செய்தார்கள். அதாவது ஒரு மலையில் செய்த கருவியை இன்னொரு மலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த சில மாதங்களிலேயே, அவ்வாண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் நிலாவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் செல்வதைக் காவலூரில் பதிவு செய்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்ற விவாதத்துக்கு அந்தப் பதிவு ஒரு தொடக்கம்.

அடுத்து நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். தொழில்நுட்ப வேலை கற்றுத்தரும் பாடம் என்று கல்லூரிகளில் பேசப்படுவது எதுவோ அது முழுமையாக இதற்குள் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்க இருந்தது. அந்த மறைப்பை அளந்தால் கோளின் அளவையும் வளிமண்டலத்தையும் பற்றித் தெரிந்துகொள்ளலாம். காவலூரில் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைக்க இன்னும் நேரம் இருந்தபோதே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று குறைந்து, மறுபடி எழுந்தது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம், மேகத் துணுக்கு என்று அடித்துவிட்டிருக்கலாம். அவர்கள் நேரத்தோடு பதிவு செய்து, யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த அமெரிக்காவின் கைப்பர் விமான ஆய்வகமும் இத்தகைய மங்கல்களைக் கோளின் இருபுறமும் பதிவு செய்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அவை துணைக்கோள்கள் அல்ல, வளையங்கள் என்று தெரிந்தது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று உலகம் நினைத்திருந்த காலம் அது.

விளக்கம் பிறகு மாறியது. பதிவு மாறவில்லை. எதிர்பாராத ஒன்று தரவில் தென்பட்டால் அதை அழிக்காமல், நேரத்தோடு குறித்துவைத்து, பலர் முன்னால் வைத்து, தன் விளக்கம் திருத்தப்பட இடம் கொடுப்பது என்ற இந்த ஒழுக்கத்தைத்தான் ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்றுவிக்கின்றன. ஜவ்வாது மலையில் அது 1977இலேயே நடைமுறையில் இருந்தது.

நகரமே அறிவின் பிறப்பிடம் என்பவர்கள் சென்னையின் கதையையும் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே வானாய்வகம் இருந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அங்கிருந்துதான் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்தார். அங்கே பணியாற்றிய நார்மன் போக்சன் பல சிறுகோள்களைக் கண்டார்; அவற்றில் கடைசியானது 1885இல். அதன் பிறகு ஒரு நூற்றாண்டு இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அந்த இடைவெளியை முடித்தார். கண்ட இடம் காவலூர். அந்தச் சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. நகரத்தில் நின்றுபோன தொடரை மலை எடுத்து நடத்தியது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு பெரிய கருவி உருவாகிக்கொண்டிருந்தது. 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி. கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து, மெருகேற்றி, ஆடியாக்கியது பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில். எந்திரப் பகுதிகளை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கைகொடுத்தது. வேலை முடிவதற்குள், 1982 ஆகஸ்டில், பாப்பு காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கும் வரை, முப்பது ஆண்டுகள், இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி ஜவ்வாது மலையில்தான் இருந்தது.

அந்த 1980களில் காவலூரில் வாக்ஸ் 11/780 கணினி ஓடியது. இரவில் எடுத்த படங்களை அங்கேயே எண்களாக்கி ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகள் முளைக்கத் தொடங்கியது 1984 வாக்கில். தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000இல். மலைக்குத் தொழில்நுட்பம் தாமதமாக வரும் என்பவர்கள் இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்.

இதற்கு உடனே ஒரு எதிர்வாதம் வரும். பாப்பு ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்தவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், மாணவராக இருக்கும்போதே 1949இல் ஒரு வால்மீனைக் கண்டவர்; மலையிலேயே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? மற்ற விஞ்ஞானிகளும் கீழிருந்து வந்தவர்கள்தானே? மலை கொடுத்தது நிலமும் இருட்டும் மட்டும்தானே?

வாதம் வலுவானதுபோல் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரும் ஆளை மட்டும் எண்ணுவதால்தான் அப்படித் தெரிகிறது. ஒரு தொலைநோக்கி ஓர் இரவு ஓட என்னென்ன நடக்க வேண்டும்? காற்றின் ஈரப்பதத்தை அளந்தபடி இருக்க வேண்டும். அளவு ஏறினால் பனி ஆடியில் படியுமுன் குவிமாடத்தை மூட வேண்டும். சி.சி.டி. கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜனை நேரம் தவறாமல் ஊற்ற வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்க வேண்டும். எடுத்த நிமிடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்கும். அப்போது டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியைக் கீறல் விழாமல் கழற்றி, இறக்கி, பழைய பூச்சைக் கழுவி, வெற்றிட அறைக்குள் வைத்துப் புதுப்பூச்சு ஏற்றி, மறுபடி பொருத்த வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எந்த விஞ்ஞானியின் கட்டுரையும் இல்லை. வானாய்வகத்தின் அன்றாடப் பணிகளைச் செய்தவர்களில் காவலூரையும் ஆலங்காயத்தையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் உண்டு. ஒரு சர்வர் நள்ளிரவில் நின்றால் எழுந்து உட்கார்ந்து சரிசெய்யும் சென்னை இளைஞனைத் தொழில்நுட்பப் பணியாளர் என்று தயங்காமல் சொல்கிறோம். நள்ளிரவில் குவிமாடத்தை மூட ஓடுபவரும் தொழில்நுட்பப் பணியாளர்தான்.

பாப்பு படித்த இடங்களைச் சொல்பவர்கள் அவர் எங்கே திரும்பி வந்தார் என்பதைச் சொல்வதில்லை. ஹார்வர்டுக்குப் பிறகு அவர் தேர்ந்தது இந்த மலையை. படிக்க வெளியே போவதை எதிர்க்க ஒரு காரணமும் இல்லை. மலையில் திரும்பி வந்து செய்ய ஒன்றுமே இல்லை என்று பிள்ளையின் மனதில் முன்கூட்டியே எழுதிவைப்பதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

இறங்கினால் முன்னேற்றம் என்ற கணக்கு அனுபவத்தில் எங்கே போய் முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் புதிதாக இறங்கவில்லை, தலைமுறையாக இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கர்நாடகக் காப்பித் தோட்டங்கள், கேரளக் கட்டட வேலை, திருப்பூர். சாமை விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையில் வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்கள் மலையில் உண்டு. இறங்கியவர்களில் சிலரைத் தரகர்கள் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மலையைவிட்டு வெளியே வந்தால் போதும் என்பவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. எந்தத் திறனோடு, எந்தப் பாதுகாப்போடு, யாரை நம்பி வருவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை வழிகாட்டிப் பேச்சுகள் தொடுவதே இல்லை.

கல்லூரிப் படிப்பைப் பற்றியும் இதே குழப்பம்தான். மலைப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகாததற்கு ஆர்வக்குறைவு காரணம் என்று சொல்வது எளிது. ஆர்வத்துக்கு ஒரு சான்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. ஏலகிரியில் படித்து, சட்டம் முடித்து, ஜவ்வாது மலைப் புலியூரில் மணம் முடித்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதியவர். முதலமைச்சர் வாழ்த்தினார், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை ஆணை உதவியது என்றும் சொன்னார். அந்த வாழ்த்து நியாயமானது. ஆனால் பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் போய்த் தேர்வெழுதியதை மனவுறுதியின் கதையாக மட்டும் சொல்லிச் சொல்லிப் பாராட்டிவிட்டு, தேர்வு மையம் ஏன் அவ்வளவு தொலைவில் இருந்தது என்று கேட்காமல் விட்டுவிட்டோம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். இந்தக் காலத்திலும் இப்படியா என்று சமவெளி அதிர்ந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவு போதாமல் நேர்ந்த சாவு அல்ல அது. சாலை போட வேண்டியவர்கள் போடவில்லை. பழங்குடிச் சான்றிதழும் அப்படித்தான். கோட்டாட்சியர் கையெழுத்துக்காக அலைந்து அலைந்து சேர்க்கை நாள் கடந்துபோனால், அந்தப் பிள்ளையைப் படிப்பை விட்டவர் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

இனிப் புறநகர் வாழ்க்கை. அதன் பாடங்களைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. முன்பின் அறியாத நூறு குடும்பங்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, லிஃப்ட் பராமரிப்புக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டாருக்கும் பணம் பிரித்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழப் பழகுவது சாதாரணக் கல்வி அல்ல. ஆனால் அந்த வாழ்க்கையை எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடமாகக் காட்டுவதற்கு அதன் கணக்கு சரியாக இருக்க வேண்டும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரில் ஓடின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மூழ்கின. அங்கே சதுப்புநிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பைமேடும் தின்று தீர்த்த பிறகுதான், 2022இல், மிச்சத்துக்கு ராம்சர் தகுதி கிடைத்தது.

செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அது திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாற்று மணலுக்கடியில் ஓடும் நீர்தான் நெடுங்காலமாகத் தாம்பரம், பல்லாவரம் பகுதிக் குழாய்களுக்குப் போகிறது. மலையில் காடு காத்து நீர் இறங்கவிடுவோர் பின்தங்கியவர்கள், அந்த நீரைக் குடிப்போர் முன்னேறியவர்கள் என்ற வகைப்பாடு எப்படிப் பொருந்தும்?

நீர் மலையிலிருந்து இறங்குகிறது; வெளிச்சம் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் ஊர்கள் பெரிதாகிவருகின்றன. நெடுஞ்சாலை விளக்குகள், கடைப் பலகைகள், வானத்தைப் பார்த்து எரியும் எல்.இ.டி. விளக்குகள். மங்கலான விண்மீன்களைப் படம்பிடிக்க வேண்டிய கருவிக்கு இந்த வெளிச்சம் நேரடி இழப்பு. விளக்கு வேண்டாம் என்று எந்த வானியலாளரும் சொல்வதில்லை. விளக்குக்கு மேல்மூடி போட்டால் ஒளி தரைக்கு மட்டும் வரும், நீலம் மிகுந்த வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி வைத்தால் வானில் சிதறுவது குறையும், மின்கட்டணமும் மிஞ்சும். லடாக்கின் ஹான்லேயில் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கேயும் காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் உள்ளன. சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்குத் தொலைநோக்கியைக் கையாளப் பயிற்சி தந்தார்கள். வரும் பயணிகளுக்கு அவர்களே வானத்தைக் காட்டுகிறார்கள். வீடுகளில் தங்கவைத்து வருமானமும் பார்க்கிறார்கள்.

ஹான்லேயின் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குவது பெங்களூரின் புறநகரான ஹொசக்கோட்டேயிலிருந்து. அப்படியானால் மலையில் ஆளே தேவையில்லையே என்று சிலர் முடிவுகட்டக்கூடும். உண்மை வேறு. விசையைப் புறநகரில் அழுத்தினாலும் பனியை அகற்றுவதும் பழுதைப் பார்ப்பதும் மலையில் இருக்கும் கைகள்தாம். இரண்டு இடமும் ஒரே வேலையின் இரு பாதிகள். ஒரு பாதியில் இருப்பவரை மட்டும் பொறியாளர் என்று அழைத்து, மறுபாதியில் இருப்பவரைப் பின்தங்கிய பகுதியின் பயனாளி என்று கோப்பில் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஒரு வானாய்வகம் எத்தனை பேருக்கு வேலை தரும் என்று கேட்டால், அதிகமில்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் அதிலிருந்து விரியக்கூடிய தொழில்கள் அதோடு நிற்பதில்லை. ஜவ்வாது மலையின் முதன்மைப் பயிர் சாமை. அதன் உமி தானியத்தோடு இறுக ஒட்டியிருக்கும். உரலில் குற்றி நீக்குவது பெண்களின் முதுகொடிக்கும் வேலை. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் எந்திரங்களை ஊருக்குள்ளேயே நிறுவி, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. எந்திரம் வாங்கிக்கொடுப்பது எளிது. பெல்ட் அறுந்தால், மோட்டார் எரிந்தால் யார் வருவார்கள்? கீழேயிருந்து மெக்கானிக் வர நாட்கள் ஆனால் எந்திரம் மூலையில் துருப்பிடிக்கும், பெண்கள் மறுபடி உலக்கை எடுப்பார்கள். மலையிலேயே பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருந்தால் தானியம் அரிசியாகி நல்ல விலைக்குப் போகும். முழுத்தானியமாக வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குப் போகாது. சோலார் பம்பு, செல்போன் கோபுரத்தின் பேட்டரி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டி என மலையில் பழுதாகும் பொருட்களுக்குக் குறைவில்லை.

ஆகவே ஜவ்வாது மலைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இறங்கு என்பதல்ல; அவர்களுக்காக நாம் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரமாவது காவலூரில் தங்கி, குவிமாடம் திறப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை கையால் செய்து பழக வேண்டும். சனிக்கிழமைப் பார்வையாளராக வந்து ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது இதற்கு ஈடாகாது. அரசுப் போட்டித் தேர்வுகளுக்கு மலையடிவார நகரங்களில் மையம் வேண்டும். சான்றிதழ் முகாம்கள் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே மலைக்கு மேல் நடக்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்கக் காலம் பிடிக்கும் என்றால், விளக்கிலிருந்து தொடங்கலாம். ஆலங்காயம், ஜவ்வாது மலை ஒன்றியங்களின் ஊராட்சிகள் அடுத்த முறை தெருவிளக்கு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, மேல்மூடி உள்ள மஞ்சள் ஒளி விளக்கு என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். மாட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் மலையூர்களிலிருந்து ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன்களை எடுக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதலாம்.